விடியலில் காற்றைப் படம்பிடிப்பது: திருகோணமலைக் கரையில் தொடங்குபவர்களுக்கு

சூரியன் எழும் நேரத்தில் உப்புவெளிக் கடற்கரையில் நின்று பாருங்கள். தென்கிழக்கே, கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிமலை சாம்பலும் நீலமும் கலந்து, ஓரம் மழுங்கி, கடலோடு ஒட்டிக் கிடக்கும். ஒன்பது மணிக்கு அதே இடத்தில் நின்றால் பாறை எது, மரம் எது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். மலை மாறவில்லை. மலைக்கும் கண்ணுக்கும் நடுவில் கிடக்கும் நாலு கிலோமீற்றர் காற்று வெளிச்சம் வாங்குகிற விதம்தான் மாறிவிட்டது. விடியல் படங்களைப் பார்த்து "நல்ல மூட்" என்று சொல்கிறோமே, அந்த மூட் முழுக்க இந்தக் காற்றில்தான் இருக்கிறது.

ஆகவே தொடங்குபவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது கமராவை விடக் காற்றை. கடலோரக் காற்றில் நீராவியும் நுண்ணிய உப்புத் துகளும் எப்போதும் இருக்கின்றன. உள்நாட்டு வயல்வெளியில் அதோடு பனித்துளியும் அடுப்புப் புகையும் சேரும். இவை வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சிதறடிக்காது. சாம்பிராணிப் புகையை நினைத்துப் பாருங்கள். விளக்கு உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் புகை மெல்லிய நூலாகத்தான் தெரியும். புகைக்கு அப்பால் விளக்கு இருந்தால் அதே புகை வெள்ளையாக, திரண்டு, சுருள் சுருளாகத் தெரியும். துகள்கள் வெளிச்சத்தைப் பெரும்பாலும் அது போகும் திசையிலேயே முன்னோக்கித் தள்ளுவதுதான் காரணம். பனிமூட்டத்துக்கும் உப்புப் புகாருக்கும் இதே விதி. சூரியன் இருக்கும் பக்கம், அல்லது அதிலிருந்து முப்பது நாற்பது பாகை தள்ளிக் கமராவைத் திருப்பினால் காற்று ஒளிரும். சூரியனை முதுகுக்கு விட்டு எடுத்தால் நிறம் நன்றாக வரும். காற்று காணாமல் போகும்.

இன்னொன்றும் உண்டு. தூரம் கூடக் கூட இடையில் இருக்கும் காற்றும் கூடுகிறது. அதனால் தூரத்துப் பொருள் வெளிறும், அருகில் உள்ளது கறுக்கும். கரையில் ஒரு வள்ளம், அதற்கு அப்பால் பனைவரிசை, அதற்கும் அப்பால் மலை. மூன்றும் மூன்று தொனியில் விழுந்தால் பார்ப்பவர் கண் தூரத்தைத் தானாக அளந்துகொள்ளும். வானம் எவ்வளவு சிவந்தாலும் இந்தப் படிகள் இல்லாத படம் தட்டையாகத்தான் இருக்கும்.

நேரம் இங்கே குறைவு

குளிர்நாட்டவர் எழுதிய புத்தகங்களும் காணொளிகளும் "பொன்னான ஒரு மணி நேரம்" என்று சொல்லும். அதை நம்பி இங்கே ஆறுதலாக ட்ரைபொட்டை விரித்துக்கொண்டிருந்தால் வெளிச்சம் போய்விடும். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக எழுகிறது. அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும் சூரியன் மேலே வர 22 நிமிடம் போல எடுக்கும். அங்கிருந்து 6 பாகை உயரம் ஏற இன்னொரு 25 நிமிடம். உதயத்துக்கு முந்திய நீல வெளிச்சமும் பிந்திய பொன் வெளிச்சமும் சேர்த்தே முக்கால் மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

சூரிய உதயம் ஆண்டு முழுவதும் சுமார் 5.45க்கும் 6.25க்கும் இடையில் நிற்கும். மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் மிக முந்தும். பெப்ரவரித் தொடக்கத்தில் மிகப் பிந்தும். நவம்பர் தொடக்கத்திலும் ஆறு மணிக்குச் சற்று முன்னரே உதித்துவிடும். உதயத்துக்கு 50 நிமிடத்துக்கு முன் இடத்தில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் புறப்படுங்கள். முதல் 20 நிமிடம் இருட்டுக்குக் கண் பழகவும், ட்ரைபொட் ஊன்ற இடம் தேடவும், குவியம் பிடிக்கவும் போய்விடும்.

உதிக்கும் திசையும் நகரும். டிசம்பரில் நேர்கிழக்கிலிருந்து தெற்கே 24 பாகை. ஜூனில் வடக்கே அதே அளவு. உப்புவெளியிலிருந்து நகரப் பக்கமாகக் கரையோரம் நடக்க நடக்கச் சுவாமிமலை தென்கிழக்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து தெரியும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் இந்தக் கரையின் தென்பாதியில் ஓரிடம் பிடித்தால் சூரியன் மலைக்கு மிக நெருக்கமாக எழும். ஜூனில் அதே இடத்தில் நின்றால் சூரியன் வெகுதூரம் இடப்பக்கம் போய்விடும். மலையும் சூரியனும் ஒரே சட்டத்துக்குள் வராது. டச்-பே கரையில் நிலைமை வேறு. அங்கிருந்து சுவாமிமலைப் பாறை வடக்குப் பக்கம் இருப்பதால் சூரியன் எந்த மாதமும் வலப்புறத்தில்தான் வரும். பாறையின் செங்குத்து முகத்தில் பக்கவெளிச்சம் விழுந்து மேடுபள்ளம் எழும்பி நிற்கும். காற்றைத் தேடுபவர் உப்புவெளிக்கும், பாறையைத் தேடுபவர் டச்-பேக்கும் போகலாம்.

எந்தக் காலம், எந்த இடம்

வாடைக்காற்று மாதங்களான ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கலங்கியிருக்கும், முகில் தாழ்ந்திருக்கும். பல விடியல்கள் சாம்பலாகவே முடியும். ஆனால் அடிவானத்தோடு ஒரு விரற்கடை இடைவெளி இருந்தால் சூரியன் அதற்குள்ளால் முகிலின் அடிவயிற்றைச் சுடரவைக்கும். இது நடந்தால் மூன்று நான்கு நிமிடம்தான். பெரும்பாலும் சூரியன் வெளியே தெரிவதற்கு முன்பே முடிந்துவிடும். கச்சான் வீசும் நடு ஆண்டு மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால் கரையோரக் கடல் காலையில் அமைதியாக இருக்கும். கரைவலை இழுப்பவர்களைப் படமெடுக்க ஏற்ற காலம் அதுதான். வானம் மட்டும் சில நாட்களில் வெறுமையாகக் கிடக்கும்.

பனிமூட்டம் வேண்டுமென்றால் கடற்கரையில் காத்திருந்து பயனில்லை. கடல் இரவில் தன் சூட்டை இலேசில் விடுவதில்லை. அதனால் கரையோரக் காற்று பனிபடியும் அளவுக்குக் குளிர்வது அரிது. மாரி முடிந்து, வயலில் தண்ணீர் நிற்க, வானம் வெளித்து, காற்றசைவில்லாமல் இரவு கழிய வேண்டும். இந்த நான்கும் சேர்ந்த ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் தம்பலகாமம் வயல்வெளியையும் கந்தளாய்க் குளத்துப் பக்கத்தையும் பாருங்கள். பனி இடுப்பளவில் படுத்திருக்கும். மரங்கள் அதற்கு மேலே மிதப்பது போலத் தெரியும். முதல் நாள் மாலை மழை பெய்து இரவில் வானம் வெளித்தால் மறுநாள் அலாரம் வைக்கத் தயங்க வேண்டாம். முகில் மூடிய இரவுக்கு அடுத்த விடியலில் பனி குறைவு, ஏனெனில் முகில் போர்வையாகி நிலத்தின் சூட்டைப் பிடித்து வைத்துவிடுகிறது.

கிண்ணியாப் பாலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இடம். ஒரு பக்கம் கொட்டியாரக்குடா, மறுபக்கம் தம்பலகாமம் குடா. நீரும் வள்ளங்களும் அடுக்கடுக்காகக் கிடைக்கும். ஆனால் 396 மீற்றர் நீளப் பாலம் லொறி போனால் அதிரும். நீண்ட ஷட்டரோடு பாலத்தின் மேலே நிற்பதை விட, கீழே கரையில் இறங்கி நிற்பதே மேல்.

ஒரு எச்சரிக்கை. கடற்படைத் தளம், துறைமுகம், சீனன்குடா விமானத்தளம் ஆகிய பக்கங்களில் கமராவைத் திருப்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் இராணுவம் இருக்கிறது. வீதியோர மான்களைப் படமெடுப்பது வேறு, முகாம் வாசலை எடுப்பது வேறு. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. அனுமதி எடுக்காமல் இந்த ஊரில் பறக்கவிடுவது வீண் வம்பு. கோணேசர் கோவிலில் எங்கே படமெடுக்கலாம் என்று உள்ளே போகும்போதே கேளுங்கள். வலை இழுப்பவர்களிடம் "அண்ணே, ஒரு படம் எடுக்கலாமோ?" என்ற ஒரு வார்த்தை போதும். கயிற்றுக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது.

கமரா வியர்ப்பது

இங்கே புதியவரின் படம் கெடுவதற்கு முதற் காரணம் வெளிச்சமோ அமைப்போ இல்லை, ஏசி அறை. அறைக்குள் 20, 22 பாகையில் குளிர்ந்த லென்ஸை ஈரம் நிறைந்த கடற்காற்றுக்குக் கொண்டுவந்தவுடன் கண்ணாடி முழுக்க நீர் பூக்கும். துடைத்தால் மறுபடி பூக்கும். துடைக்கத் துடைக்க உப்புப் படலம் பரவி, சூரியனைச் சுற்றிப் பாற்கஞ்சி போல ஒளிவட்டம் விழும். அது பனிமூட்டம் என்று நினைத்து மகிழ்ந்து, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபின் தலையில் கைவைப்பவர்கள் உண்டு. மருந்து எளிது. முதல் நாள் இரவே கமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். முடியாவிட்டால் பையைத் திறக்காமல் 40 நிமிடம் வெளியே விடுங்கள். குளிர்ந்த பொருளை மூடிய பைக்குள் சூடேற விட்டால் நீர் பையின் மேல் படியும், கண்ணாடி தப்பும். கைப்பேசிக்கும் இதே கதைதான்.

அலைத்தூறல் பட்டால் காய்ந்த துணியால் தேய்க்க வேண்டாம். உப்பு மணி மணியாகக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுத்தபின் உலர்துணி. ட்ரைபொட்டின் கால்களை வீட்டுக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். கால்பூட்டுக்குள் போன மணல் இரண்டு வாரத்தில் பூட்டை இறுக்கிவிடும்.

வெளிச்சத்தை அளப்பது

தொடக்க அளவுகள் இவை: ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு) 100, துளை (லென்ஸின் திறப்பு) எஃப் 8. உதயத்துக்கு 22 நிமிடம் முன், கிழக்கு வானத்தை நோக்கி ஷட்டரை 8 செக்கனில் ஆரம்பியுங்கள். உதய நேரத்தில் அதே துளைக்கு 1/30 முதல் 1/60 வரை வந்திருக்கும். சூரியன் சட்டத்துக்குள் வந்தபின் 1/250 போல. இவை கல்லில் எழுதியவை அல்ல, முகில் இரண்டு மடங்கு மாற்றிவிடும். ஆனால் வேகத்தைக் கவனியுங்கள்: இந்த இடைவெளியில் வெளிச்சம் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஒருமுறை அளவு வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அதையே நம்பினால் கடைசிப் படங்கள் வெளுத்துப் போகும். ஒவ்வொரு இரண்டு மூன்று நிமிடத்துக்கும் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபை, பாருங்கள்.

ஹிஸ்டோகிராமில் வெள்ளை வளைவு மட்டும் போதாது, சிவப்பு வளைவையும் தனியாகப் பார்க்க வேண்டும். விடியலின் செம்மஞ்சள் நிறத்தில் சிவப்புத்தான் முதலில் நிரம்பி வழியும். மொத்த வளைவு பத்திரமாக இருப்பதாகக் காட்டும்போதே சிவப்பு வலச்சுவரில் முட்டியிருந்தால், சூரியனைச் சுற்றிய பகுதி பின்னால் எந்தத் திருத்தத்துக்கும் மசியாத மஞ்சள் திட்டாகும். அப்போது 2/3 நிறுத்தம் (ஒரு நிறுத்தம் என்பது வெளிச்சம் இரட்டிப்பதோ பாதியாவதோ) குறையுங்கள். பனிமூட்டத்துக்கு எதிர்மாறு. கமரா பார்ப்பதையெல்லாம் நடுச்சாம்பலாக்க முயலும். வெண்பனியை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். சூரியன் சட்டத்தில் இல்லாத பனிக்காட்சிக்கு 2/3 முதல் 1 நிறுத்தம் வரை கூட்டுங்கள்.

வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விட வேண்டாம். வெளிச்சத்தின் பொன்னை அது பிழை என்று எண்ணித் திருத்திவிடும். 5200 கெல்வின் பகலொளி நிலையில் பூட்டுங்கள். உதயத்துக்கு முந்திய நீலம் நீலமாகவும், பிந்திய மஞ்சள் மஞ்சளாகவும் நிற்கும். சேமிப்பு ரோ வடிவத்தில் (கமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு) இருக்கட்டும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரோவில் 16,384. பனியும் வானமும் மெல்லிய படிகளால் ஆனவை என்பதால் இந்த வித்தியாசம் வேறெந்தப் படத்தையும் விட இங்கேதான் கண்ணில் தெரியும்.

குவியம் இருட்டிலும் பனியிலும் அலையும். தூரத்து வள்ளத்தின் விளக்கிலோ மரவிளிம்பிலோ பிடித்து, உடனே கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். ட்ரைபொட்டின் கால்களை ஈரமணலில் அழுத்தி ஊன்றிவிட்டு, 2 செக்கன் டைமர் போடுங்கள். அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். அந்த நேரம் ஷட்டர் திறந்திருந்தால் அடிவானம் இரட்டைக் கோடாகும். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் கடல் ஏறிவந்து ஆளைப் பிடிக்காது. ஆனால் வாடைக்கால அலை தனி ரகம், பையை மேலே வையுங்கள்.

கைப்பேசிக்காரர் மனம் தளர வேண்டாம். முதலில் சட்டை நுனியில் இல்லாமல் சுத்தமான பருத்தித் துணியில் லென்ஸைத் துடையுங்கள். திரையில் வெளிச்சமான வானத்தை அழுத்திப் பிடித்தால் அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் கறுக்க வையுங்கள். புரோ நிலையும் ரோவும் இருந்தால் அவற்றைப் பாவியுங்கள். தானியங்கி எச்டிஆர் மட்டும் பனியின் எதிரி. நிழலைத் தூக்கி, தூரத்தைக் கூராக்கி, நீங்கள் தேடி வந்த காற்றைத் துடைத்தெறிந்துவிடும். அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

லென்ஸ் தெரிவில் பலர் அகல லென்ஸோடு வருகிறார்கள். அகல லென்ஸ் முன்மணலைப் பெரிதாக்கி மலையைச் சுண்டைக்காய் ஆக்கும். காற்றின் அடுக்குகள் வேண்டுமென்றால் 70 முதல் 200 மில்லிமீற்றர் வரையான நீள லென்ஸ்தான் கைகொடுக்கும். தூரத்துப் படிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். நீள லென்ஸ் பூட்டிய ஒளியியல் கண்வழியால் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) எழுந்த சூரியனை நேரே பார்க்கக் கூடாது, கண் போய்விடும், திரையில் பாருங்கள். வள்ளங்களை நிழலுருவாக எடுக்கும்போது ஒன்றின் அணியம் (முன்நுனி) மற்றதின் மேல் ஏறாமல் இரண்டடி இடம் வலம் நகர்ந்து பாருங்கள். இரண்டு கறுப்பு ஒட்டினால் என்னவென்று தெரியாத ஒரு கறுப்பு.

திருத்தம்: துடைக்காமல் திருத்துவது

லைட்ரூம், ஸ்னாப்சீட் போன்ற எந்தச் செயலியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். அடிவானத்தை நேராக்குங்கள், கடல் சரிந்த படத்தை எந்த நிறமும் காப்பாற்றாது. சென்சர் தூசிப் புள்ளிகளை அகற்றுங்கள், வெளிறிய வானத்தில் அவை பளிச்சென்று தெரியும். பிறகு வைட் பேலன்ஸ். பின்னர் ஹைலைட்ஸை (வெளிச்சப் பகுதி) 40 முதல் 70 வரை குறைத்து வானத்தின் விவரத்தை மீட்கலாம். ஷேடோஸில் (நிழற்பகுதி) கை கட்டுப்பட வேண்டும்: 10, 15, மிஞ்சினால் 25. அதை 100க்கு இழுத்தால் கறுப்பு வள்ளம் சாம்பல் வள்ளமாகி, முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த தொனிப்படி சரிந்துவிடும். படத்தின் ஆழமும் அதோடு போய்விடும்.

அடுத்தது டீஹேஸ். பெயரே சொல்கிறது, அது புகாரை நீக்கும் கருவி. புதியவர்கள் அதை 40க்கு ஏற்றியவுடன் படம் "தெளிந்து" வருவதைப் பார்த்து அங்கேயே நிற்கிறார்கள். விடியற்காலை எழும்பிப் போய் எடுத்து வந்ததைக் கழுவி ஊற்றுவதற்கு ஒப்பானது அது. முழுப் படத்துக்கும் டீஹேஸைத் தொடாமல் விடுங்கள். முன்னே இருக்கும் வள்ளத்துக்கு மட்டும் மாஸ்க் (திருத்தம் படவேண்டிய பகுதியைத் தெரிவது) போட்டு 5 முதல் 10 கூட்டலாம்; தூரத்து மலைக்கு நீள் மாஸ்க் இழுத்து 5 முதல் 15 வரை குறைக்கலாம். கிளாரிட்டிக்கும் இதே பங்கீடு. அருகில் கூர்மை, தூரத்தில் மென்மை: கண் இயல்பாகக் காண்பதும் இப்படித்தானே.

டோன் கேர்வின் இடது நுனியை மயிரிழை உயர்த்தினால் கறுப்பு சற்றுப் பால் கலந்தது போலாகும். பனிப்படத்துக்கு இது அழகு. நிழலுருப் படத்துக்கு வேண்டாம், அங்கே கறுப்பு கறுப்பாக இருக்கட்டும். நிறத்தில், நிறவட்டத்தின் பாகைக் கணக்கில், வெளிச்சப் பகுதிக்கு 40 பாகைப் பக்கம் இளஞ்சூடு, நிழலுக்கு 220 பாகைப் பக்கம் குளிர்நீலம். இரண்டிலும் செறிவு 5 முதல் 10. சாச்சுரேஷனை முழுதாக ஏற்றினால் முதலில் குமுறுவது செம்மஞ்சள். கடல் மாம்பழச்சாறு போலாகிவிட்டால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு கோளாறுகளை அடையாளம் காணப் பழகுங்கள். வானத்தில் மழைநீர் வடிந்த சுவர் போலப் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது படி உடைதல்: ஜேபெக்கில் அதிகம் இழுத்ததால் வருவது. ரோவுக்குத் திரும்புங்கள், அது இல்லையென்றால் கிரெய்ன் (பொடிப்புள்ளிகள்) 10 முதல் 15 தூவினால் பட்டை மறையும். பனை ஓலை விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடினால் ஷேடோஸும் கிளாரிட்டியும் அளவு மிஞ்சியிருக்கின்றன; இரண்டையும் பாதியாக்குங்கள். ஷார்ப்பனிங்கை மாஸ்க் கொண்டு விளிம்புகளுக்கு மட்டும் கொடுங்கள். வானத்துக்கும் பனிக்கும் கூர்மை கொடுத்தால் இரைச்சல்தான் எழும்.

திருத்தும்போது திரையின் வெளிச்சம் பாதியளவில் இருக்கட்டும். இரவில் இருட்டறையில் முழு வெளிச்சத் திரையில் திருத்திய படம் மறுநாள் வேறொருவர் கைப்பேசியில் கறுத்துக் கிடக்கும். முடித்தபின் ஒரு இரவு விட்டு, காலையில் பார்த்துத் தேவையானால் எல்லாத் திருத்தக் கோல்களையும் (ஸ்லைடர்) கால்வாசி பின்னால் இழுங்கள். இணையத்துக்கு நீளப்பக்கம் 2048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி, தரம் 80 முதல் 85. அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிடுங்கள்: 12க்கு 18 அங்குலத் தாளுக்கு 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். பளபளத் தாளை விட மங்கல் தாள் பனிப்படங்களுக்கு நன்று. ஆனால் அது கறுப்பைக் கொஞ்சம் விழுங்கும்; அச்சுக்கு அனுப்பும் பிரதியை ஒரு சிட்டிகை வெளிச்சம் கூட்டி அனுப்புங்கள்.